சக்கரம் உருளாத வண்டி

அத்தியாயம் 17

சங்கரம்மாள் சாவியைத் திருப்பினாள். வண்டி ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது.

மறுபடியும் திருப்பினாள். இந்த முறை அந்தச் சத்தமும் இல்லை. முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த இசக்கியம்மன் படத்துக்கு இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்த குட்டிச் சிவப்பு விளக்கு, ஒரு தடவை மினுங்கிவிட்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோனது.

அவள் கத்தவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. டிரைவர் சீட்டில், இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கீழப்பாவூரில் போலீஸ்காரர் பாண்டிராஜ் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். பாண்டிராஜ் போய்ச் சேர்ந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. பெயர் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. அங்கே இப்போது இருப்பது அவருடைய மனைவி சங்கரம்மாளும் மருமகள் வேல்விழியும்தான். மூன்றாவதாக ஓர் ஆள் உண்டென்றால், அது தகர ஷெட்டுக்குள் நிற்கும் இந்த வெள்ளை வண்டி.

வண்டிக்குச் சொந்தக்காரன் விஜய்பாண்டி, ஒரே மகன், ராணுவத்தில் இருக்கிறான். போன லீவில் வந்தபோது ஆசை ஆசையாக ஒரு பழைய காரை வாங்கி, அம்மாவையும் மனைவியையும் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டினான். பொங்கல் கழிந்த கையோடு பனிமலைப் பக்கம் காவலுக்குத் திரும்பிவிட்டான். போவதற்கு முன் அம்மாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து ஒரு வேலையை ஒப்படைத்தான். தினமும் காலையில் சாவியைத் திருப்ப வேண்டும். ஐந்து நிமிடம் ஓட விட்டு அணைத்துவிட வேண்டும். கியர் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், மற்றபடி அதைத் தொடவே கூடாது. சும்மா நிற்கிற வண்டிக்கு பேட்டரி இறங்கிவிடும் என்பது அவன் கவலை.

சொன்ன நாளிலிருந்து சங்கரம்மாள் தவறியதே இல்லை. குளித்த ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வருவாள். வண்டியின் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு வைப்பாள். சாவியைத் திருப்பியதும் அம்மன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தால், சொல்லி முடிப்பதற்கும் ஐந்து நிமிடத்துக்கும் சரியாக இருக்கும். கடிகாரம் எதற்கு என்பாள்.

அவளாகச் சேர்த்துக்கொண்ட காரியங்களும் உண்டு. அம்மன் முன்னால் இருட்டாக இருக்கக் கூடாது என்று, ஊரில் வயரிங் வேலை பார்க்கும் இசக்கிமணியைக் கூப்பிட்டு, சாவி போடாமலே எரியும்படி பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்து அந்தச் சிவப்பு விளக்கை மாட்டச் சொன்னாள். அது போதாதென்று ஒரு நேர்ச்சையும் வைத்தாள். மகன் நல்லபடியாகத் திரும்பி வந்து, அவனே ஓட்டிக்கொண்டு போய்க் கோயில் வாசலில் நிறுத்தும்வரை இந்த வண்டியின் சக்கரம் ஒரு சாண்கூட உருளாது என்று.

போனில் மகன் முதலில் விசாரிப்பதும் வண்டியைத்தான். அந்த வீட்டில் பாசத்தை நேராகப் பேசிப் பழக்கமில்லை. “வண்டி எப்படிம்மா இருக்கு?” என்று அவன் கேட்பான். “நல்லா இருக்குலே” என்று இவள் சொல்வாள். அந்த இரண்டு வார்த்தைகளில் அம்மாவும் மகனும் எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுவார்கள். வேல்விழிக்கு இதில் கொஞ்சம் பொறாமைதான். வண்டிக்கு அடுத்தபடியாகத்தான் பெண்டாட்டி முறை வருது என்று, தென்காசியில் தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் போன்தான் நாலு நாளாக வரவில்லை. ‘நாளைக்கு மேல ஏறுதோம்மா’ என்று சொன்னதோடு அறுந்துபோன பேச்சு, இன்னும் ஒட்டவில்லை. கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் வருகிறது. அந்தப் பெண்ணை சங்கரம்மாளுக்குச் சுத்தமாகப் பிடிக்காமல் போய்விட்டது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த வேல்விழிக்கு ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. வழக்கமான வண்டிச் சத்தம் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஷெட்டுக்கு வந்தாள்.

“என்ன அத்தை, இன்னைக்கு சத்தத்தையே காணும்?”

சங்கரம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

“எடுக்க மாட்டுக்கு, ஏட்டி. விளக்கும் அணைஞ்சுட்டு.”

அவ்வளவுதான் சொன்னாள். மிச்சத்தை வேல்விழியே புரிந்துகொண்டாள். இந்த வீட்டுக்கு வாழ வந்த புதிதிலேயே அவளுக்குச் சொல்லப்பட்ட கதை அது. மாமனார் பாண்டிராஜ் தேர்தல் பந்தோபஸ்துக்குக் கிளம்பிய காலையில் அவருடைய புல்லட் எடுக்கவில்லை. உதைத்து உதைத்துப் பார்த்தார். சட்டையெல்லாம் நனைந்துபோய், அப்புறம் சிரித்துக்கொண்டே பஸ்ஸைப் பிடித்துப் போனார். பஸ்ஸில் போனவரை ஆம்புலன்ஸில்தான் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நெஞ்சுவலி என்றார்கள். புல்லட் கொல்லையிலேயே துருப்பிடித்துக் கிடந்து, ஒரு நாள் பழைய இரும்புக்குப் போனது.

கெட்ட சேதியோடு போன் வருவதற்கு முன்னாலேயே வண்டிக்குத் தெரிந்துவிடும். இதுதான் சங்கரம்மாளின் மனதில் ஆணி அடித்த மாதிரி நிற்கும் பயம்.

வேல்விழி படித்தவள். லேபில் எத்தனையோ மெஷின்களைக் கையாளுகிறவள். பேட்டரி என்றால் பேட்டரி, அதற்கும் ஆயுசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்த அணைந்த விளக்கைப் பார்த்ததும் அவள் கண் முதலில் போனைத்தான் தேடியது. நாலு நாளாக அத்தைக்கு முன்னால் சிரித்துச் சிரித்துப் பேசியவள், இராத்திரி தலையணையில் முகத்தை வைத்து என்ன செய்தாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சாப்பிட வரச் சொன்னாள். சங்கரம்மாள் பசிக்கவில்லை என்றாள். காப்பியாவது குடிக்கச் சொன்னாள். அதுவும் வேண்டாம் என்றாள் அத்தை. வண்டியை விட்டு இறங்கவும் மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று வேல்விழி போனை எடுத்தாள்.

பாவூர்சத்திரத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் முகம்மது மீரான் வந்தபோது வெயில் ஏறவில்லை. ஏறாது. மலைப்பக்கம் மேகம் கட்டி நின்றது. ஆடிச் சாரல் காற்று ஷெட்டின் தகரத்தைத் தடதடவென்று ஆட்டிக்கொண்டிருந்தது. மொபெட்டின் முன்பக்கம் ஒரு பேட்டரியை வைத்து, கயிற்றால் கட்டிக் கொண்டுவந்திருந்தார். தன் மகளுடைய நிச்சயதார்த்தத்துக்கு ஆள் அழைக்கப் போகிற வழியில், ஆச்சி வீடு என்பதால் வந்தாராம். வெள்ளைச் சட்டையில் கரி படாமல் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முன்மூடியைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தார்.

“சாகலை ஆச்சி” என்றார். “இறங்கியிருக்கு, அவ்வளவுதான்.”

சங்கரம்மாள் அன்றைக்கு முதன்முதலாகத் தலையை நிமிர்த்தினாள்.

“நெசமாத்தான் சொல்லுதீரா?”

“சார்ஜ் ஏறினா எந்திரிச்சிரும்.”

சங்கரம்மாள் மெதுவாக வண்டியை விட்டு இறங்கி வந்து, மீரானுக்குப் பக்கத்தில் நின்று, டாக்டரிடம் கேட்பதைப் போல ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். தினமும் தவறாமல் ஸ்டார்ட் பண்ணியும் எப்படி இறங்கியது? அவளுக்கு அதுதான் பிடிபடவில்லை.

மீரான் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். வண்டியை ஸ்டார்ட் செய்யும்போதுதான் பேட்டரியிலிருந்து நிறைய கரண்ட் போகிறது. நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடினால் போனது முழுசாகத் திரும்பி வராது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன்தான் ஏறும். வாரத்துக்கு ஒரு தடவை ரோட்டில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும், பேட்டரி நன்றாக இருக்கும். ஓட்ட ஆள் இல்லையென்றால் மைனஸ் வயரைக் கழற்றிப் போட்டுவிட வேண்டும். இரண்டும் இல்லாமல் இப்படி வைத்திருந்தால் எந்த பேட்டரியும் படுத்துவிடும் என்றார்.

பிறகு அவர் பார்வை வண்டிக்குள் போயிற்று. அம்மன் படத்துக்குக் கீழிருந்து கிளம்பி, முன்பக்கம்வரை ஓடி வந்த மெல்லிய வயரைப் பார்த்தார்.

“இது ராத்திரி பகலா எரியுமோ?”

“பின்னே? அம்மன் இருட்டுலயா இருப்பா?”

மீரான் தாடையைத் தடவிக்கொண்டார். ஆனால் சங்கரம்மாளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் நிற்கிறவர்களின் முகத்தைப் படிக்க, போலீஸ்காரன் பெண்டாட்டிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“அப்போ நான்தான் இறக்கிட்டேனா?” என்றாள். குரல் உடைந்துவிட்டது. “பொத்திப் பொத்தி வச்சு நானே இறக்கிட்டேனா ஏட்டி?”

வேல்விழி சட்டென்று அவள் தோளில் கையை வைத்தாள்.

“உங்களுக்கு அஞ்சு நிமிஷம்னு சொல்லிக் குடுத்தது யாரு? உங்க மகன். அவுக வரட்டும், நிக்க வச்சுக் கேப்போம்.”

‘வரட்டும்’ என்ற அந்த ஒரு சொல்லைச் சங்கரம்மாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “கேக்கணும், ஆமா. பெரிய மிலிட்டரிக்காரன்” என்றாள். வேல்விழிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வயரை எடுக்க வேண்டும். மீரான் கையை வைக்கவில்லை. சாமி விளக்கு, நீங்களே எடுங்க ஆச்சி என்று சொல்லி விலகி நின்றார்.

சங்கரம்மாள் உள்ளே போனாள். பூஜை அலமாரியில் எண்ணெய் விட்டு ஒரு அகலை ஏற்றி வைத்தாள். திரும்ப வந்து, படத்தின் முன்னால் குனிந்து, பக்கத்துத் தெருவிலிருக்கும் மதினியை வீட்டுக்கு அழைக்கிற குரலில், “அங்கன விளக்குப் போட்டிருக்கேன். கொஞ்ச நாளைக்கு அங்கன வந்து இரு தாயே, இவன் வண்டி கஷ்டப்படுது” என்றாள். சொல்லி முடித்துவிட்டுத்தான் வயரை உருவினாள். மீரான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வேல்விழிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மீரான் தன் பேட்டரியிலிருந்து வயரைப் போட்டதும் வண்டி ஒரு இருமலோடு எழுந்துகொண்டது. ஷெட் அதிர்ந்தது. சங்கரம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. இப்படியே விட்டு அணைத்தால் மறுபடி எடுக்காது என்றார் மீரான். பேட்டரியைக் கழற்றித் தன் கடைக்குக் கொண்டுபோய் ராத்திரி முழுக்க சார்ஜ் போடலாம், நாளைக்குக் கொண்டுவந்து மாட்டித் தருகிறேன் என்றார். இல்லையென்றால் இப்போதே, அணைக்காமல், தென்காசி தாண்டிக் குற்றாலம் ஐந்தருவி வரைக்கும் யாராவது ஓட்டிவிட்டு வர வேண்டும்.

கழற்றுவதா? சங்கரம்மாள் வண்டியின் முன்னால் போய் நின்றுகொண்டாள். ராத்திரி முழுக்க இந்த வண்டி பேட்டரி இல்லாமல் வெறுங்கூடாக ஷெட்டில் நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதுவும் அவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாத ஒரு ராத்திரியில். வேண்டவே வேண்டாம் என்றாள். சரி, ஓட்டிக்கொண்டு போகலாம் என்றால் நேர்ச்சை இருக்கிறது. சக்கரம் உருளக் கூடாது. அப்படியே உருளலாம் என்றாலும் ஓட்டுவதற்கு இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

இந்த இடத்தில்தான் வேல்விழி உள்ளே ஓடினாள்.

வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். போன வாரம் அவள் கல்யாணப் புடவையின் மடிப்புக்குள் ஒரு அட்டையை ஒளித்து வைத்தாள். டிரைவிங் லைசென்ஸ். தென்காசியில் ஆனந்தவள்ளி என்று ஒரு அம்மாள் பெண்களுக்கென்றே நடத்தும் பயிற்சிப் பள்ளியில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைத் தியாகம் செய்து, யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொண்டது. அவன் லீவில் வந்து தென்காசி ஸ்டேஷனில் இறங்கும்போது, வாசலில் வண்டியோடு நின்று அவன் முழிக்கிற முழியைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு காட்சிக்காகத்தான் இத்தனை மாதப் பட்டினி.

அந்தக் காட்சியை இப்போது அவள் விட்டுக்கொடுத்தாள். அட்டையைக் கொண்டுவந்து அத்தையின் கையில் வைத்தாள்.

“நான் ஓட்டுதேன் அத்தை.”

சங்கரம்மாள் அட்டையிலிருந்த படத்தைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

“என்ட்ட ஒரு வார்த்தை சொல்லலையே ஏட்டி.”

“சொன்னா விட்டிருப்பியளா?”

சங்கரம்மாள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவள்.

“விட்டிருக்க மாட்டேன்” என்றாள்.

வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. மீரான் நிச்சயதார்த்த அவசரத்தில் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கரம்மாள் மறுபடியும் வீட்டுக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு காசு இருந்தது. தவறிப்போகிற நேர்ச்சைக்கு அம்மனிடம் தவணை கேட்கிற காசு அது. அதை அம்மன் படத்தின் முன்னால் வைத்து, வண்டிச் சத்தத்துக்கு நடுவே, மெதுவாகத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்ற வேல்விழிக்கு மட்டும் கேட்டது.

“தப்புன்னா என் தலையில போடு. அவன் தலையில போட்டுராத.”

பிறகு பின்பக்கக் கதவைத் திறந்தாள். என்ன நினைத்தாளோ, அதைச் சாத்திவிட்டு முன்னால் வந்து, மருமகளுக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு சக்கரம் உருண்டது. காற்று இறங்கியிருந்த டயர்கள் முதல் ஓரிரண்டு சுற்றுக்குத் தொம் தொம்மென்று தட்டின. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த சண்முகசுந்தரி, குடம் நிறைந்து வழிவதையும் கவனிக்காமல், எங்கே போறிய என்று கேட்டாள். சார்ஜ் ஏத்தப் போறோம் என்று சங்கரம்மாள் ஜன்னல் வழியாகப் பதில் சொன்னாள். போனுக்கு சார்ஜ் ஏற்ற ஏன் காரில் போகிறார்கள் என்று சண்முகசுந்தரி அன்று முழுக்க யோசித்திருப்பாள்.

பாவூர்சத்திரத்தில் காற்றுப் பிடித்தார்கள், வண்டியை அணைக்காமலே. அதன் பிறகு பெரிய ரோடு. வேல்விழி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள், கை நரம்பெல்லாம் தெரிந்தது. சங்கரம்மாள் ரோட்டைப் பார்க்கவே இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது பேட்டரிப் படம் போட்ட அந்தச் சின்ன எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்பதைத்தான். மீரான் அதைக் காட்டிவிட்டுப் போயிருந்தார். எரியாதவரைக்கும் நல்லது.

தென்காசிக் கோபுரம் தெரிந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வேல்விழி ஒரு கையை எடுத்ததற்கு அத்தையிடம் திட்டு வாங்கினாள். மேலகரம் தாண்டியதும் தூறல் ஆரம்பித்தது. மலை முழுக்க மேகத்துக்குள் போயிருந்தது. சீசன் ஞாயிற்றுக்கிழமை, கேட்கவா வேண்டும். கேரளா வண்டிகளும் வேன்களும், தலையில் எண்ணெயோடு நடக்கிற கூட்டமும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு அடி நகர்வதும் நிற்பதுமாக ஊர்ந்தார்கள்.

போலீஸ் தடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பஸ் குறுக்கே வந்தது. வேல்விழி பதறிப்போய் பிரேக்கை மிதித்தாள், கிளட்சை மறந்தாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிட்டது.

அந்த அமைதி இருக்கிறதே, அதை இரண்டு பேருமே மறக்க மாட்டார்கள். பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. வேல்விழி சாவியைத் திருப்பினாள். வண்டி முன்னால் ஒரு துள்ளுத் துள்ளி, மறுபடி அணைந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. பேட்டரி போச்சு அத்தை என்றாள். எல்லாம் என்னாலதான் என்றாள்.

சங்கரம்மாள் எட்டிக் கியரைப் பார்த்தாள்.

“அழாத. கியர் நடுவுல இல்ல, பாரு. முதல்ல அதை நடுவுல கொண்டா. பிறகு சாவி. தினம் நான்தானட்டி எடுக்கேன், எனக்குத் தெரியாதா?”

வேல்விழி கியரை நடுவுக்குக் கொண்டுவந்தாள். சங்கரம்மாளின் உதடுகள் அம்மன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தன. மூன்றாவது பெயருக்கு வண்டி எடுத்துக்கொண்டது. ஓடிய தூரத்தில் பேட்டரி அந்த அளவுக்குத் தேறியிருந்தது. வேல்விழி சிரித்துக்கொண்டே அழுதாள். சங்கரம்மாள் மருமகளின் கன்னத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, ரோட்டைப் பாரு என்றாள்.

ஐந்தருவிக்குப் போகிற வழியில் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து வைத்த கடைகளுக்கு நடுவே மெதுவாகப் போனார்கள். அருவிச் சத்தம் கேட்டது. இறங்கித் தலையில் ஒரு கை தண்ணீர் தெளித்துக்கொண்டால் தேவலை என்று சங்கரம்மாளுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் நிறுத்துவதற்கு இரண்டு பேருக்குமே தைரியம் இல்லை. கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினாள். உள்ளங்கை நனைந்ததும் தன் தலையில் தடவினாள், மருமகள் தலையில் தடவினாள், வண்டியின் முன்பலகையிலும் தடவினாள்.

வேல்விழிக்கு அந்த நிமிடம் அத்தையை மிகவும் பிடித்திருந்தது. கல்யாணம் ஆகி இத்தனை நாளில் இப்படி இரண்டு பேரும் தனியாக எங்கேயும் வந்ததில்லை. அவன் வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படி ஓட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்க நினைத்தாள். கேட்பதற்குள் வண்டி முழுக்க மணி அடித்தது.

சங்கரம்மாள் திடுக்கிட்டுப் போனாள். போன லீவில் விஜய்பாண்டி வேல்விழியின் போனை வண்டியோடு இணைத்துவிட்டுப் போயிருந்தான். போன் வந்தால் வண்டியே பேசும் என்று அவன் பெருமையடித்தது வேல்விழிக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏதோ தெரியாத நம்பர். ஸ்டியரிங்கில் இருந்த பச்சைப் பொத்தானை அழுத்தினாள். அவளுக்குத் தெரிந்த பொத்தான் அது ஒன்றுதான்.

“விழி... கேக்குதா?”

அவன்தான்.

குரல் நாலு பக்கத்திலிருந்தும் வந்தது. சங்கரம்மாள் அம்மன் படத்தை நோக்கி முன்னால் சாய்ந்தாள். மகன் அதற்குள்ளிருந்து பேசுவது போல, படத்தின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.

“ஏலே பாண்டி” என்றாள்.

அம்மாவும் இருக்கிறாளா என்று அவன் கேட்டான். மேலே மண் சரிந்து டவர் விழுந்துவிட்டது, எந்த போனும் வேலை செய்யவில்லை, இது வேறு ஒருவருடைய போன் என்று வேகவேகமாகச் சொன்னான். வேல்விழி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அழுகைதான் வரும், அழுதால் ரோடு தெரியாது. அவன் பேச்சை நிறுத்தி எதையோ கவனித்தான்.

“அது என்னம்மா சத்தம்? வண்டி ஓடுதா? யாரு ஓட்டுதா?”

வேல்விழி உதட்டைக் கடித்தாள். ஸ்டேஷன் வாசல் கனவு, அவன் முழிக்கிற முழி, எல்லாம் போயிற்று. நேர்ச்சையை மீறியதும் வெளியே வரப்போகிறது.

“நான்தான் ஓட்டச் சொன்னேன்” என்றாள் சங்கரம்மாள். “உன் பெண்டாட்டி ஓட்டுதா. நல்லா ஓட்டுதா.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது. சிரிப்பு பாதியிலேயே தேய்ந்துபோனது. பின்னால் யாரோ இந்தியில் எதையோ சொன்னார்கள், ஆஸ்பத்திரி வார்டில் போல இரும்புக் கட்டில் நகர்கிற சத்தம் கேட்டது. அவன் குரலைத் தாழ்த்தினான்.

“விழி, வண்டியை ஓரமா நிறுத்திட்டு போனைக் காதுல வையி. உன்ட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும். அம்மாவுக்குக் கேக்காண்டாம்.”

அம்மாவுக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. வண்டி முழுக்க அவன் குரல்தானே இருந்தது. வேல்விழியின் கால் பிரேக்கைத் தேடியது.

அவள் கைமேல் சங்கரம்மாளின் ஈரக் கை வந்து விழுந்தது.

“நிறுத்தாத, ஏட்டி. ஓட்டு.”

சொல்லிவிட்டு, படத்தின் பக்கம் திரும்பினாள்.

“சொல்லுலே. ரெண்டு பேரும்தான் கேக்கோம். வண்டி நல்லா இருக்கு, நாங்களும் நல்லா இருக்கோம். நீ எப்படி இருக்க?”

அவனைப் பெற்று வளர்த்த இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவள் நேராகக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவன் மூச்சு மட்டும் கேட்டது. வேல்விழி பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். தூறலில் நனைந்து கிடந்த ரோட்டில் வண்டி நிற்காமல் ஐந்தருவியைத் தாண்டி இலஞ்சிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.